மறு: அவசரப் பிரிவில் ‘போர்டிங்’: தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

> ‘ஓவர்கிரவுடிங்’குக்கு நெரிசல் இருக்கிறது. ‘போர்டிங்’குக்குத் ‘தங்கல்’ போதாதா? இரண்டும் கூட்டம்தானே?

நெரிசல் சரி. தங்கல்தான் இடிக்கிறது, தங்குவது நாமாகச் செய்வது. ‘போர்டிங்’கில் மருத்துவர் பார்த்தாயிற்று, உள்நோயாளியாகச் சேர்க்க எழுதியும் ஆயிற்று, வார்டில்தான் படுக்கை இல்லை. சேர்க்கைச் சீட்டைத் தலைமாட்டில் செருகிக்கொண்டு அதே தள்ளுகட்டிலில் கிடக்கிறார் நோயாளி. ஆம்புலன்ஸில் வரும் அடுத்தவருக்கு நடைவழிதான்.

இரண்டும் ஒன்றல்ல. நெரிசல் விளைவு, ‘போர்டிங்’ அதன் முக்கியக் காரணம். சளி, சுளுக்கு என்று வருபவர்களைத்தான் எல்லோரும் குறை சொல்கிறோம். அவர்கள் நிரப்புவது காத்திருக்கும் அறையை, கட்டிலை அல்ல. பார்த்து மருந்தெழுதினால் கிளம்பிவிடுவார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 10 பேர் வந்து, ஒருவர் சராசரியாக 4 மணி நேரம் இருந்தால் உள்ளே சராசரியாக 40 பேர். வரத்து அதே 10 தான், வார்டுப் படுக்கைக்குக் காத்திருந்து இருப்பு 6 மணி நேரமானால் 60 பேர். வாசலில் ஒருவர்கூட அதிகமாக வரவில்லை! (1961இல் ஜான் லிட்டில் நிறுவிய விதி இது. வங்கி வரிசைக்கும் பொருந்தும்.)

ஆஸ்திரேலியர்கள் இந்தக் காத்திருப்பை ‘ஆக்சஸ் பிளாக்’ என்கிறார்கள்: அவசரப் பிரிவுக்கு வந்து 8 மணி நேரத்துக்குள் வார்டுப் படுக்கை கிடைக்காத நிலை. பிரிட்டனில் ‘எக்சிட் பிளாக்’. கதவு ஒன்றுதான், ஒருவருக்கு நுழைவு, இன்னொருவருக்கு வெளியேற்றம். ‘அணுகல் அடைப்பு’ என்று சொல்லுக்குச் சொல் போட்டால் இதய நோய் என்றே நினைப்பார்கள்.

என் பரிந்துரை ‘சேர்க்கைத் தேக்கம்’. நீர் தேங்குவது வரத்தால் மட்டுமல்ல, வடியாததாலும்தான். அந்தப் பொருள் சொல்லிலேயே இருக்கிறது. ‘படுக்கைத் தேக்கம்’ என்றும் யோசித்தேன். கிடங்கில் விற்காமல் கிடக்கும் கட்டில்கள் போல ஒலித்தது.

---

வணக்கம் ஐயா. அவசரப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன்.

‘சேர்க்கை’ என்றதும் கல்லூரிதான் நினைவுக்கு வரும். ஆனாலும் மருத்துவமனைக்குள் குழப்பம் வராது. இன்னொரு சொல்லும் வேண்டும். வார்டில் காலையிலேயே ‘வீட்டுக்குப் போகலாம்’ என்று சொல்லப்பட்டவர், சுருக்கச் சீட்டு, மருந்து, கூட்டிப்போக ஆள் எல்லாம் கூடிக் கிளம்ப மாலையாகிவிடுகிறது. அதன் பிறகு கட்டிலைத் துடைத்து விரிப்பு மாற்ற வேண்டும். எங்கள் தேக்கத்தின் மறுமுனை அங்கேதான். இதற்கு ‘விடுவிப்புத் தாமதம்’ சரியா?

அப்புறம், பணி மாறும்போது ‘அட்மிஷன் ஆகி நாலு பேர் நிக்கிறாங்க’ என்றுதான் சொல்வோம். நேற்றிரவு ‘தேக்கம் நாலு’ என்று சொல்லிப் பார்த்தேன். அடுத்த பணிக்கு வந்தவர் விளக்கம் கேட்கவில்லை, நேராக வார்டுக்குத் தொலைபேசியை எடுத்தார்.