ஸ்க்ராட்ச்: ஒரே ஆப்பிளுக்கு ஸ்கோர் 20 ஏறுகிறது, ஏன்?

கணக்கு_டீச்சர்:
ஆறாம் வகுப்புக்கு ஸ்க்ராட்ச் 3 (பிளாக்குகளை அடுக்கி நிரல் எழுதும் மென்பொருள்) எடுக்கிறேன். மேலிருந்து விழும் ஆப்பிளைக் கூடையில் பிடிக்கும் விளையாட்டு. கூடை ஒய் (மேடையில் உயரம்) -110இல் இடவலமாக மட்டும் நகரும். ஆப்பிளுக்கு இந்த பிளாக்குகள்தான்:

பச்சைக் கொடியை அழுத்தினால்
ஃபாரெவர்
— சேஞ்ச் ஒய் பை -5
— இஃப் டச்சிங் கூடை: சேஞ்ச் ஸ்கோர் பை 1
— இஃப் ஒய் பொசிஷன் < -170: கோ டு எக்ஸ் (ரேண்டம் -200 முதல் 200) ஒய் 180

ஒரு ஆப்பிள் விழுந்தால் ஸ்கோர் 20 கிட்ட ஏறுகிறது. சில நேரம் 7, 8. சிலர் ஸ்கோருக்குப் பின் 'வெயிட் அன்டில் நாட் டச்சிங்' (தொடுதல் விடும் வரை காத்திரு) போட்டுப் பார்த்தார்கள், ஆப்பிள் கூடையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இன்னொன்று: வீடியோ பார்த்து அப்படியே அடுக்கிவிடுகிறார்கள், ஆனால் ஒரு இடத்தை மாற்றச் சொன்னால் கை நின்றுவிடுகிறது. எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

நிரல்வழி:
டீச்சர், இதில் பிழையான பிளாக் எதுவும் இல்லை. 'தொட்டால்' என்று நாம் சொல்லும்போது 'தொட்ட அந்த ஒரு தடவை' என்று நினைக்கிறோம். பிளாக் கேட்பதோ 'இப்போது தொட்டுக்கொண்டிருக்கிறதா' என்று. ஃபாரெவர் என்ற முடிவில்லா வளையம் நொடிக்குச் சுமார் 30 சுற்று ஓடும், ஒவ்வொரு சுற்றிலும் அதே கேள்வி. ஆப்பிள் உயரம், கூடை உயரம் இரண்டும் சேர்ந்து 100 என்று வையுங்கள். சுற்றுக்கு 5 இறங்கும் ஆப்பிள் கூடையைக் கடந்து முடிக்க 20 சுற்று. அதனால் 20. ஓரத்தில் உரசிப் போனாலோ, பாதியில் கூடையை இழுத்துவிட்டாலோ 7, 8.

சரிசெய்ய, ஸ்கோர் கூடிய கையோடு ஆப்பிளை மேலே அனுப்பிவிடுங்கள். அதே இஃப்புக்குள், சேஞ்ச் ஸ்கோர் பை 1க்குக் கீழேயே கோ டு பிளாக். அடுத்த சுற்றில் தொடுதல் இருக்காது. இதைத் தனி ஸ்கிரிப்டாக (தனி பிளாக் அடுக்காக) பிரித்து வைக்க விடாதீர்கள். ஒன்றில் ஸ்கோர், இன்னொன்றில் கோ டு என்று இருந்தால், கோ டு முந்திக்கொள்ளும்போது ஸ்கோர் ஏறவே ஏறாது.

வெயிட் அன்டில் ஒட்டிக்கொள்வதற்குக் காரணம், ஆப்பிளை இறக்கும் பிளாக்கும் அதே வளையத்தில்தான் இருக்கிறது. 'தொடுதல் விடும் வரை காத்திரு' என்று வளையம் நின்றால் இறக்கமும் நிற்கும். இறங்காத ஆப்பிள் தொடுவதை எப்படி விடும்? கூடையை நகர்த்தினால்தான் விடுபடும். இறக்கத்தை வேறொரு ஃபாரெவரில் வைத்தால் இந்த வழியும் வேலை செய்யும்.

பச்சைக் கொடி ஸ்கோரையோ ஆப்பிளின் இடத்தையோ பழைய நிலைக்குக் கொண்டுபோகாது என்பதையும் சொல்லிவிடுங்கள். போன ஆட்டத்து ஸ்கோரும் ஆப்பிள் நின்ற இடமும் அப்படியே இருக்கும். ஃபாரெவருக்கு மேலே செட் ஸ்கோர் டு 0, செட் ஒய் டு 180 இரண்டும் வேண்டும்.

வரிசைமாற்று:
மேலே சொன்ன காரணம் முழுக்கச் சரி. ஆனால் விடையை முதல் பீரியடிலேயே கொடுக்காதீர்கள் டீச்சர். இந்தப் பிழை கிடைத்தது நல்லதுதான், இதை வைத்தே ஒரு வகுப்பு நடத்தலாம்.

கணினியை மூடச் சொல்லி நோட்டில் நான்கு பத்தி போடச் சொல்லுங்கள்: சுற்று, ஒய், தொடுகிறதா, ஸ்கோர். ஒய் -50இல் தொடங்கி ஆறு சுற்று கையால் ஓட்டட்டும். (மேலே சொன்ன 100 உயரக் கணக்குப்படி -60இல் தொடுதல் தொடங்கும்.) -55 இல்லை, 0. -60 ஆம், 1. -65 ஆம், 2. மூன்றாவது 'ஆம்' வரும்போதே பலர் கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு வளையத்தின் கடைசியில் வெயிட் 1 செகண்ட் போட்டு ஓட்டினால், மேடையில் இருக்கும் ஸ்கோர் பெட்டியும் நோட்டும் ஒத்துப்போகிறதா என்று அவர்களே சரிபார்க்கலாம். பார்த்து முடித்ததும் வெயிட்டை எடுத்துவிடச் சொல்லுங்கள், பலர் மறந்துவிட்டு 'ஸ்லோவா இருக்கு மிஸ்' என்பார்கள்.

வீடியோ பார்த்து அடுக்குவதால் எந்த பிளாக் எங்கே இருக்கிறது என்பது பழகும், அதற்காக இருக்கட்டும். மாற்றத் தெரியாமல் போவது, ஓட்டும் முன் என்ன நடக்கும் என்று ஊகிக்கும் பழக்கம் இல்லாததால். எனவே வரிசை இப்படி இருக்கட்டும்: ஊகித்து எழுது, ஓட்டிப் பார், ஒரே ஒரு எண்ணை மாற்று, மறுபடி ஊகி. -5ஐ -10 ஆக்கினால் ஸ்கோர் எவ்வளவு ஏறும்? (பத்துக்கு அருகில்.) -170ஐ -300 ஆக்கினால்? கூடை தவறவிட்ட ஆப்பிள் அடியில் ஒட்டி நின்றுவிடும். ஸ்ப்ரைட் (ஆப்பிள், கூடை போன்ற உருவம்) மேடையை விட்டு முழுதாக வெளியேற ஸ்க்ராட்ச் விடாது என்பதால் ஒய் -300ஐத் தொடவே தொடாது, நிபந்தனை என்றைக்கும் பொய்தான்.

அடுத்த வாரம் பிளாக்குகளைப் பிரித்துச் சிதறவிட்ட ஃபைல் ஒன்று கொடுங்கள், தேவையில்லாத இரண்டு பிளாக்கும் சேர்த்து. தேடிப்பிடிக்கும் வேலை இல்லாததால் யோசனை முழுக்க எது எதற்குள், எது எதற்குப் பின் என்பதிலேயே இருக்கும்.

கணக்கு_டீச்சர்:
ரொம்ப நன்றிங்க. நாளைக்கு நோட்டு அட்டவணையோடு தொடங்குகிறேன். ஒரே ஒரு சந்தேகம்: ஐந்து ஆப்பிள் வேண்டும் என்கிறார்கள். ஸ்ப்ரைட்டை டூப்ளிகேட் செய்யலாமா, க்ளோனா (ஓடும்போதே நிரல் உருவாக்கும் நகல்)?

நிரல்வழி:
முதலில் டூப்ளிகேட் செய்யட்டும். பிறகு வேகத்தை -5லிருந்து -7 ஆக்கச் சொல்லுங்கள். ஐந்து இடத்தில் திருத்த வேண்டிவரும்போது க்ளோன் எதற்கு என்று அவர்களே கேட்பார்கள். க்ளோனுக்கு மாறும்போது ஆப்பிளுக்கு ஆப்பிள் வேறு வேகம் வேண்டுமென்றால், வேகம் என்ற வேரியபிளை 'ஃபார் திஸ் ஸ்ப்ரைட் ஒன்லி' என்று உருவாக்கணும். ஸ்கோர் மட்டும் எல்லா ஸ்ப்ரைட்டுக்கும் பொது.