மறு: ‘டர்ட்டி பேஜ்’ – தமிழில் என்ன?

ந. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சேமிப்பக வழங்கிகளைப் (சர்வர்களை) பராமரிப்பவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். கோப்பு முறைமையின் அமைப்புகளைச் சரிப்படுத்தும் அதிகாரத்தில் சிக்கி நிற்கிறேன்.

லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு நிரல் கோப்பில் எழுதினால் அது உடனே வட்டுக்குப் போய்விடாது. முதலில் நினைவகத்தில் இருக்கும் பக்கம் (நினைவகத்தின் ஒரு சிறு துண்டு) மாறும், வட்டில் பழையதே கிடக்கும். அப்படி மாறியும் வட்டுக்குப் போய்ச் சேராத பக்கம்தான் டர்ட்டி பேஜ். ‘அழுக்குப் பக்கம்’ என்று போட்டேன். சரிபார்த்தவர் ஓரத்தில் “தரவு கெட்டுவிட்டதா?” என்று கேட்டிருக்கிறார். நல்ல சொல் யாரிடமாவது இருக்கிறதா?

கு. எழுதியது:

இதற்கு ஏன் இவ்வளவு அலைச்சல்? ‘எழுதாப் பக்கம்’. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வல்லினம் மிகும். செல்லாக் காசு, ஓடாக் குதிரை போல. நான்கே அசையில் முடிந்தது வேலை.

ர. எழுதியது:

கு. ஐயா, இலக்கணம் சரிதான். ஆனால் எழுதாப் பக்கம் என்றால் படிப்பவர் வெற்றுப் பக்கம் என்றுதானே நினைப்பார்? இங்கே நிலைமை நேர் எதிர். எழுதியாகிவிட்டது, அதுதான் சிக்கலே. வட்டில்தான் எழுதவில்லை.

கு. எழுதியது:

தம்பி ர., குறுந்தொகை 156-ஐ எடுத்துப் பாருங்கள். பார்ப்பன மகனைப் பார்த்து ‘எழுதாக் கற்பு’ என்கிறது பாட்டு. வேதத்தைச் சொல்கிறது. வேதம் வெற்றா? முழுவதும் நினைவில் இருக்கிறது, ஏட்டில் மட்டும் இல்லை. நினைவகத்தில் உண்டு, வட்டில் இல்லை என்பதற்கு இதைவிடப் பொருத்தமான ஆட்சி எங்கே கிடைக்கும்? இரண்டாயிரம் ஆண்டுப் பழைய சொல்லாட்சி கையில் இருக்கும்போது அழுக்கு, தூசி என்று எதற்குத் தேட வேண்டும்?

ச. எழுதியது:

எழுதாக் கற்பை ரசித்தேன் ஐயா. ஆனால் இரவு இரண்டு மணிக்கு வழங்கி திணறும்போது கையேட்டைத் திறப்பவர் குறுந்தொகையையும் திறக்க வேண்டுமா?

என் பங்குக்கு ‘ஈரப் பக்கம்’. மை இன்னும் காயவில்லை என்ற பொருளில். வட்டில் இறங்கியதும் ‘உலர்ந்த பக்கம்’. கிளீன் பேஜுக்கும் சொல் கிடைத்துவிடுகிறது.

ந., இன்னொன்று. ‘டியூனிங்’குக்கு என்ன போட்டிருக்கிறீர்கள்? யாழைச் சுருதிப்படுத்துவதற்குப் ‘பண்ணல்’ என்று பெயர். யாழ் வாசிப்புக்குச் சிலப்பதிகாரக் கானல்வரி சொல்லும் எட்டு வகையில் முதலாவது அதுதான்.

ந. எழுதியது:

‘சரிப்படுத்தல்’ என்று போட்டுவிட்டேன் அக்கா. ‘வழங்கியைப் பண்ணுவது எப்படி’ என்று தலைப்பிட்டால் என்னை விட்டுவைப்பார்களா? அதை இங்கே கிளற வேண்டாம், தயவுசெய்து.

ர. எழுதியது:

ஈரப் பக்கம் அழகாக இருக்கிறது. ஆனால் வழங்கி அறையில் ஈரம் என்று யாராவது சொன்னால் நான் முதலில் மின்சாரத்தை நிறுத்த ஓடுவேன்.

சொல்லைப் பிடிப்பதற்கு முன் அது எங்கே உட்காரப் போகிறது என்று பாருங்கள். லினக்ஸில் இரண்டு வரம்புகள் இருக்கின்றன. இயல்பு மதிப்பு ஒன்றுக்கு 10 சதவீதம், மற்றதற்கு 20. இந்தப் பக்கங்கள் பயன்படுத்தத்தக்க நினைவகத்தில் 10 சதவீதத்தைத் தாண்டினால் இயங்குதளத்தின் கருவான கெர்னல் பின்னணியில் வட்டுக்கு இறக்கத் தொடங்கும். 20-ஐ எட்டினால் எழுதிக்கொண்டிருக்கும் நிரலையே பிடித்து நிறுத்தி வைக்கும். சின்னக் கணினியில் இது தெரியாது. 256 ஜிபி நினைவகம் உள்ள வழங்கியில் 20 சதவீதம் ஏறத்தாழ 50 ஜிபி. நொடிக்கு 500 எம்பி எழுதும் வட்டுத்தொகுதி அதை இறக்கி முடிக்க 100 நொடி ஆகும். அதனால்தான் பெரிய வழங்கிகளில் சதவீதத்தை விட்டுவிட்டு நேராக பைட் கணக்கில் வரம்பு வைக்கிறோம். காலக்கெடுவும் உண்டு. 30 நொடிக்கு மேல் பழசாகிவிட்ட பக்கத்தை, வரம்பு தாண்டாவிட்டாலும் இறக்கியாக வேண்டும்.

சேர்ந்துகொண்டே போகிறது, உச்சவரம்பு இருக்கிறது, கெடு இருக்கிறது, தீர்க்காவிட்டால் மேற்கொண்டு வாங்க விடமாட்டார்கள். இது முழுக்கக் கடன் கணக்கு. ‘நிலுவைப் பக்கம்’ என்றால் என்ன? நிலுவை வரம்பு, நிலுவைக் கெடு என்று எல்லாம் தானாக வந்து விழுகிறது.

வே. எழுதியது:

தாமதமாக வருகிறேன். நிலுவை என்பது ‘நில்’ அடியாகப் பிறந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு நெருடுவது ‘பக்கம்’. சிலர் இதை வடமொழிப் ‘பட்சம்’ என்பதன் திரிபு என்பார்கள். நான் ஏற்பதில்லை. பகு, பகல், பகவு, பக்கு, பக்கம் என்று ஒரு குடும்பமே இருக்கிறது. பகலும்கூட நாளைப் பகுத்ததால் வந்த பெயர்தான். நினைவகத்தை 4 கேபி துண்டுகளாகப் பகுக்கிறோம் என்றால் ‘பகவு’ என்றே சொல்லிவிடலாமே? ‘நிலுவைப் பகவு’.

ச. எழுதியது:

வே., பக்கம் தமிழ்தான் என்று நிறுவிவிட்டு அதையே தூக்கி எறிகிறீர்களே!

ர. எழுதியது:

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எந்தச் சொல் வென்றாலும் சரி, அந்த 20 சதவீத வரம்பை வைக்கும் அமைப்பின் பெயரான ‘டர்ட்டி ரேஷியோ’வை மொழிபெயர்க்காதீர்கள். கட்டளையில் அப்படியே தட்டச்சு செய்ய வேண்டிய பெயர் அது. தமிழில் அடித்தால் பிழைச்செய்திதான் வரும். அப்புறம், கெர்னல் காட்டும் நினைவகக் கணக்கில் டர்ட்டி ஒரு வரி, ரைட்பேக் இன்னொரு வரி. இரண்டாவது, வட்டுக்கு இறங்கிக்கொண்டே இருக்கும் பக்கங்கள். இரண்டையும் ஒரே நிலுவையில் கொட்டிவிட வேண்டாம்.

ந. எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ‘நிலுவைப் பக்கம்’ போடுகிறேன். முதல் இடத்தில் ‘டர்ட்டி பேஜ் எனப்படும்’ என்று சேர்த்துவிடுகிறேன், பிறகு தமிழ் மட்டும். ரைட்பேக்குக்கு ‘இறக்கத்தில் உள்ளவை’. கிளீன் பேஜ் ‘தீர்ந்த பக்கம்’ என்றால் காலியாகிவிட்டதாகப் படுகிறது, அதனால் ‘நிலுவையற்ற பக்கம்’. நீளம்தான், வேறு வழியில்லை. இன்றிரவு அனுப்பிவிடுவேன்.

கு. எழுதியது:

அனுப்புங்கள், தடுக்கவில்லை. என் மறுப்பைப் பதிவு செய்துவிடுகிறேன். நிலுவையை இன்னொருவருக்குத் தர வேண்டும். இங்கே தருபவரும் பெறுபவரும் ஒரே கணினி. தனக்குத்தானே கடன்படுவதை எந்தக் கணக்குப்பிள்ளை நிலுவையில் எழுதுவார்? அடுத்த பதிப்பு வரட்டும், எழுதாப் பக்கத்தோடு மீண்டும் வருகிறேன்.

வே. எழுதியது:

‘இறக்கம்’ என்றால் சரிவு என்ற பொருளும் உண்டு. இதைத் தனி இழையில் பேசலாமா?