மறு: ஃபையான்ஸ் – பீங்கான் வேண்டாமே

அன்புள்ள குழுவினருக்கு,

பழைய எகிப்தியரின் நீலப் பளபளப்புப் பொருளான ஃபையான்ஸுக்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்ற நம் பேச்சுக்கு என் பதில் இது.

> ஃபையான்ஸ் = எகிப்தியப் பீங்கான். எளிது, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். பீங்கான் என்றதும் மண் நினைவுக்கு வரும். இதிலோ களிமண்ணே கிடையாது. வெண்மணலையோ படிகக்கல்லையோ பொடித்து, கொஞ்சம் சுண்ணாம்பு, நேட்ரான் உப்பு அல்லது செடிச்சாம்பல், நிறத்துக்குச் செம்பு சேர்த்துப் பிசைந்தது. உடைந்த துண்டைப் பார்த்தால் மேலே நீலப் பளபளப்பு, உள்ளே கற்கண்டுத் தூள் இறுகியது போல வெளிறிய பொடி. ஃபையான்ஸ் என்பதே இரவல் பெயர்தான். இத்தாலியின் ஃபயன்சா ஊர்ப் பாண்டங்களின் பெயரை ஐரோப்பியர்கள் இதற்கும் ஒட்டிவிட்டார்கள். அவர்கள் குழப்பத்தை நாம் ஏன் தமிழாக்க வேண்டும்?

> அப்படியானால் கண்ணாடி என்றே சொல்லிவிடலாமே?

அதுவும் சரிவராது. கண்ணாடி முழுக்க உருகியது. இதில் மேல்தோல் மட்டுமே கண்ணாடி. எகிப்தில் கண்ணாடிக் கிண்ணங்களும் குப்பிகளும் கி.மு. 15ஆம் நூற்றாண்டில்தான் பெருகின. ஃபையான்ஸ் அதற்கு இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேல் மூத்தது. எகிப்தியரே இரண்டையும் பிரித்துத்தான் சொன்னார்கள்: கண்ணாடி ‘வார்த்த கல்’, ஃபையான்ஸ் ‘செஹெனெத்’, அதாவது மின்னுவது.

அந்தப் பொருளையே பிடித்துக்கொண்டு ‘மிளிர்சுதை’ என்கிறேன்.

> சுதை என்றால் கோபுரத்துப் பொம்மைதான் நினைவுக்கு வருகிறது.

வரட்டுமே. பிசைந்து, கையால் உருவம் பிடிப்பது இரண்டுக்கும் பொது. ஆனால் கோபுரச் சுதையைச் சூளையில் வைப்பதில்லை, இதை வைக்க வேண்டும். அந்தக் குறை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

செய்முறைச் சொற்களில் அவ்வளவு சிக்கல் இல்லை. மெருகு, அதாவது அந்தக் கண்ணாடி மேல்தோல், ஏற மூன்று வழி. முதல் வழியில் வெளியிலிருந்து எதையும் பூசுவதே இல்லை. பிசைந்த உருவம் காயும்போது உள்ளே கரைந்திருக்கும் உப்பு ஈரத்தோடு மேலே வந்து வெள்ளையாகப் படியும்; சூளையில் அதுவே உருகி மெருகாகிவிடும். பழைய வீட்டுச் சுவரில் ‘உப்பு பூத்திருக்கு’ என்கிறோமே, அதேதான். இதற்கு வடமொழிப் பக்கம் போய்த் தேட வேண்டியதில்லை: ‘மெருகுப் பூப்பு’. குழம்பாகக் கரைத்துத் தடவினால் ‘மெருகுப் பூச்சு’. மெருகுப் பொடிக்குள் புதைத்துச் சுட்டால் ‘மெருகுப் புதைப்பு’. ஈரானின் கோம் நகரில் கழுதைகளுக்குக் கட்டும் நீலமணிகளை 20ஆம் நூற்றாண்டிலும் இப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள். பூப்பு, பூச்சு, புதைப்பு என்று மோனை தானாக வந்து விழுந்ததில் எனக்குக் கொஞ்சம் அல்ப சந்தோஷம்.

அப்புறம், நான் மொழிபெயர்க்கும் படக்குறிப்பு. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் நீல நீர்யானை, எகிப்தின் மெய்ர் என்ற ஊரில் கல்லறை ஒன்றில் கிடைத்தது. சுமார் 20 செ.மீ. நீளம், உடம்பெல்லாம் கருங்கோட்டில் தாமரை. செத்தவரை மறுமையில் தாக்கிவிடக் கூடாதென்று மூன்று கால்களை வேண்டுமென்றே உடைத்துத்தான் உள்ளே வைத்திருக்கிறார்கள். இப்போதிருப்பவை பின்னால் ஒட்டியவை. ‘பீங்கான் நீர்யானை’ என்று எழுதினால் கடைத்தெரு பொம்மையாகிவிடும். ‘மிளிர்சுதை நீர்யானை’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சுதை பிடிக்காதவர்கள் அதற்குள் வேறு சொல் தாருங்கள். பீங்கான் மட்டும் வேண்டாம்.