இல்லாத பாதைக்குக் கோரிக்கை வந்தால் புதுப் பக்கத்தை எங்கே உருவாக்குவது? (பிரமிட்)

கேள்வி:
செட்டிநாட்டு ஊர்களுக்கான ஆவணத் தளம் இது. பைத்தான் வலைச் சட்டகமான பிரமிட்டில், பாதையைத் துண்டு துண்டாக மரத்தில் இறங்கித் தேடும் டிராவர்சல் முறையில் ஓடுகிறது. பாதை ஊர், வீடு, பகுதி என்று இறங்கும்: /கானாடுகாத்தான்/பெரியவீடு/முகப்பு. யாராவது /கானாடுகாத்தான்/பெரியவீடு/வளவு என்று கேட்டு, அது இல்லையென்றால், அடுத்த துண்டைத் தேடித் தரும் __கெட்ஐட்டம்__ ஃபங்ஷன் உள்ளேயே வெற்றுப் பக்கம் உருவாகிவிடும்படி எழுதியிருக்கிறது. இது சரியான இடம்தானா? /ஆத்தங்குடி/டைல்பட்டறை/அச்சு என்று கேட்டு, நடுவில் உள்ள டைல்பட்டறையே இல்லையென்றால் என்ன செய்வது?

பதில் 1:
அந்த இடம் வேண்டாங்க. __கெட்ஐட்டம்__ தேடத்தான், கிடைக்காவிட்டால் கீஎரர் ("இல்லை" என்னும் பிழை) எழுப்பிவிட்டு நிற்கணும். பக்கத்தைப் பார்க்க மட்டும் கேட்கும் கெட் கோரிக்கை எதையும் மாற்றக்கூடாது என்பது வலை நெறிமுறையான எச்டிடிபியின் அடிப்படை விதி. இல்லாவிட்டால் தேடுபொறி போட் ஒவ்வொன்றும், வேர்ட்பிரஸ் லாகின் பக்கத்தைத் துழாவி வரும் ஸ்கிரிப்ட் ஒவ்வொன்றும் உங்கள் மரத்தில் ஒரு கிளையை நட்டுவிட்டுப் போகும்.

கீஎரர் வந்ததும் பிரமிட்டே பாதையைப் பிரித்துத் தருகிறது. கடைசியாகக் கிடைத்த முனை (மரத்தில் உள்ள பொருள்) கான்டெக்ஸ்ட், அடுத்த துண்டு வியூ_நேம் (பதிலைத் தயாரிக்கும் ஃபங்ஷனான வியூவின் பெயர்), மிச்சம் சப்பாத். உங்கள் முதல் உதாரணத்தில் கான்டெக்ஸ்ட் பெரியவீடு, வியூ_நேம் வளவு. உருவாக்க வேண்டிய இடம் அந்தப் பெரியவீடுதான். நாட்ஃபவுண்ட் வியூவில் 404 (கிடைக்கவில்லை) நிலையோடு "இந்தப் பக்கத்தை எழுதலாம்" என்று ஒரு படிவம் காட்டுங்க; அது பெரியவீட்டின் சேர்க்கும் வியூவுக்கு போஸ்ட் ஆகணும். மீடியாவிக்கியும் இல்லாத பக்கத்துக்கு 404தான் அனுப்பும். ஒன்றைக் கவனிங்க: நாட்ஃபவுண்ட் வியூவுக்கு முதல் ஆர்க்யுமென்டாக வரும் கான்டெக்ஸ்ட் முனை இல்லை, எச்டிடிபிநாட்ஃபவுண்ட் என்ற எக்ஸெப்ஷன் (பிழைப் பொருள்)தான். முனை வேண்டுமென்றால் ரிக்வெஸ்ட்.கான்டெக்ஸ்டில் எடுக்கணும். பலரும் இடறுவது இங்கேதான்.

என்ன வகைப் பொருள் உருவாகும் என்பதைத் தாய் முனையே சொல்லட்டும். ஊருக்குள் வீடோ பட்டறையோ வரலாம், வீட்டுக்குள் பகுதி மட்டும். அதை ரூட் (URL வழி) பட்டியலில் எழுதினால் புது வகை சேர்க்கும்போதெல்லாம் இரண்டு இடத்தில் திருத்த வேண்டிவரும்.

பதில் 2:
படங்களை ஸ்கிரிப்ட் மூலம் ஏற்றுவதாக இருந்தால் போஸ்டைவிட புட் கோரிக்கை நல்லது. பெயரை அனுப்புபவர் முடிவு செய்தால் புட், சர்வர் முடிவு செய்தால் போஸ்ட். புட்டில் புதிதாக உருவானால் 201 (உருவானது) கட்டாயம். போஸ்டில் 201 அனுப்பினால் லொக்கேஷன் ஹெடரில் புது முகவரியும் போகட்டும். இஃப்-நன்-மேட்ச்: * ஹெடரை ஸ்கிரிப்ட் அனுப்பி, சர்வர் அதைச் சரிபார்த்தால், ஏற்கெனவே இருக்கும் பக்கத்தின் மேல் எழுதாமல் 412 (நிபந்தனை பொருந்தவில்லை) கிடைக்கும்.

நடு முனை இல்லாத கேள்விக்கு: சப்பாத் காலியாக இல்லையென்றால் உருவாக்காதீங்க. புட்டுக்கு 409 (முரண்) திருப்புங்க. எச்டிடிபியின் நீட்சியான வெப்டாவின் 2007 விதியும் அதையேதான் சொல்கிறது. நடு முனையைத் தானாக உருவாக்கினால் அதன் வகை, தலைப்பு, உரிமை எல்லாமே ஊகம்தான். எழுத்துப்பிழையாக வந்த "ஆத்தாங்குடி"யும் ஒரு ஊராகிவிடும்.

கேள்வி கேட்டவர்:
நன்றிங்க. தமிழ்ப் பெயரைப் பாதைத் துண்டாக மாற்ற இன்னொரு பைத்தான் சட்டகமான ஜாங்கோவின் ஸ்லக்ஃபை ஃபங்ஷனை எடுத்துப் போட்டால் போதுமா?

பதில் 3:
போதாதுங்க, கெடுத்துவிடும். அதில் அலவ்_யூனிகோட் விருப்பத்தைப் போட்டாலும், பைத்தான் தேடலில் எழுத்தைக் குறிக்கும் \டபிள்யூ நம் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக எண்ணாது. காரைக்குடி "கரககட" ஆகிவிடும். இடைவெளியைக் கோடாக்கி, சாய்கோடு, கேள்விக்குறி போன்றவற்றை மட்டும் நீக்கும் சிறு ஃபங்ஷன் எழுதிக்கொள்ளுங்க.

அடுத்தது, கொத்தமங்கலத்தின் "கொ" இரண்டு விதமாக வரும்: ஒகரக் குறி ஒரே குறியெண்ணாகவும், எகரக் கொம்பும் காலும் தனித்தனியாகவும். கண்ணுக்கு ஒன்றுதான், பாதையாக இரண்டு. சேமிக்கும்போதும் __கெட்ஐட்டம்__ தேடும்போதும் என்எஃப்சி (ஒரே குறியெண்ணாகச் சேர்க்கும் யூனிகோட் வடிவம்) ஆக்குங்க.

"திருத்து", "சேர்" போன்ற வியூ பெயர்களில் யாரும் பக்கம் உருவாக்க விடாதீங்க. முனைதான் முதலில் தேடப்படும், உங்கள் திருத்தும் வியூ மறைந்துபோகும். @@திருத்து என்று அழைத்தால் நேராக வியூவுக்கே போகும்.

தாய் ஐடி, பெயர் இரண்டுக்கும் சேர்த்து டேட்டாபேஸில் யூனிக் (இரட்டிப்பு கூடாது) கட்டுப்பாடு போடுங்க. ஒரே நேரத்தில் இருவர் "வளவு" அனுப்பினால் பைத்தான் சோதனை மட்டும் தடுக்காது. ஊர்களின் தாய் ஐடியை நல் (வெற்று) ஆக விட்டால் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் நல்களை வெவ்வேறாக எண்ணும், இரண்டு கானாடுகாத்தான் நுழைந்துவிடும். 15ஆம் பதிப்பிலிருந்து, நல்களையும் ஒன்றாக எண்ணவைக்கும் நல்ஸ் நாட் டிஸ்டிங்ட் உண்டு. பழைய பதிப்பென்றால் வேருக்கும் ஒரு வரிசை வைத்து, ஊர்களுக்கு அதன் ஐடியையே தாயாகக் கொடுங்க.