கே-9 நாயையும் அதன் குரலையும் நேரில் கண்டவர்கள் வாருங்கள்

'டாக்டர் ஹூ' என்ற பிபிசி அறிவியல் புனைவுத் தொடரைப் பார்த்து வளர்ந்தவர்கள் இங்கே நிறைய பேர் இருக்கிறீர்கள். அதில் வரும் வில்லன்களான டாலெக்குகளைப் பற்றிப் பேசித் தீர்த்துவிட்டோம். தொடரின் நாயகன் டாக்டரோடு வரும் இயந்திர நாய் கே-9 பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. சரி, நானே தொடங்குகிறேன். அந்த நாயையோ, அதற்குக் குரல் கொடுத்த ஜான் லீசனையோ பார்த்தவர்கள் உங்கள் கதையைப் போடுங்கள்.

நான் அவரைப் பார்த்தது இங்கிலாந்தில் ஓர் ஓட்டல் மண்டபத்தில் நடந்த ரசிகர் கூட்டத்தில். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு சிறுமி, அம்மாவின் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அவர் யாரோ ஒரு தாத்தா, அவ்வளவுதான். அவர் அந்தக் குரலுக்கு மாறி 'அஃபர்மேட்டிவ், மிஸ்ட்ரஸ்' ('ஆமாம், எஜமானி') என்றாரோ இல்லையோ, பிள்ளை சட்டென்று குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். நாய் அங்கேதான் இருக்கிறது என்று நினைத்துவிட்டாள்! அம்மா சிரித்தார். நான் கேட்க வைத்திருந்த கேள்வியெல்லாம் மறந்துபோய், கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

* * *

அந்தப் பிள்ளை குனிந்து பார்த்ததில் தப்பே இல்லை. படப்பிடிப்பிலும் நாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்தான்.

லீசனை நான் பார்த்ததில்லை. நாயைப் பார்த்திருக்கிறேன், கார்டிஃப் நகரில் இருந்த 'டாக்டர் ஹூ' கண்காட்சியை 2017இல் மூடுவதற்கு முன்னால். இடுப்பு உயரம்கூட இல்லை. காதுக்குப் பதில் இரண்டு குட்டி ரேடார் தட்டுகள், கண் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்புப் பட்டை, வாலுக்கு ஓர் ஆன்டெனா. கழுத்தில் மட்டும் ஸ்காட்லாந்துக் கட்டம் போட்ட பட்டை. யாரோ ஆசையாக வாங்கிக் கட்டிவிட்ட மாதிரி இருந்தது. அதில் மயங்கிவிட்டேன்.

1977 அக்டோபரில் 'தி இன்விசிபிள் எனிமி' கதையில்தான் முதன்முதலாக வந்தது. எழுதியவர்கள் பாப் பேக்கரும் டேவ் மார்ட்டினும். விண்வெளிக்கு நாயைக் கூட்டிப்போக முடியாத ஒரு பேராசிரியர் தானே செய்துகொண்ட நாய் என்பது கதை. அந்த ஒரு கதையோடு முடிந்திருக்க வேண்டியது. பொம்மை செய்யச் செலவு நிறைய ஆகிவிட்டதாலும், தயாரிப்பாளர் கிரஹாம் வில்லியம்ஸுக்குப் பிடித்துப்போனதாலும் டாக்டரோடு தங்கிவிட்டது.

தங்கியது சரி, ஓட வேண்டுமே! மோட்டார் சத்தம் வசனத்தை அமுக்கிவிடும். ரேடியோ சிக்னலும் கேமராவும் ஒன்றையொன்று குழப்பும். வாசற்படி வந்தால் நின்றுவிடும். பல காட்சிகளில் கயிறு கட்டித்தான் இழுத்தார்கள். அப்போது டாக்டராக நடித்த டாம் பேக்கருக்கு வேறு தொல்லை. நல்ல உயரமான மனிதர், நாயோடு ஒரே ஃபிரேமில் வரவேண்டுமென்றால் மண்டி போட்டாக வேண்டும்.

ஒத்திகைக்கு அந்தப் பொம்மையைக் கொண்டுவர மாட்டார்கள். அதனால் லீசனே கைகால் ஊன்றித் தரையில் தவழ்ந்து நாயாக நடிப்பார். குரலை மட்டும் பதிவு செய்துவிட்டுப் போகிற வேலையாக அவர் அதை எடுத்துக்கொள்ளவில்லை. டாக்டரை அண்ணாந்து பார்த்துப் பேசிப் பழகியவர். அந்தக் குரலில் இருக்கிற உயிர் அங்கிருந்து வந்தது என்பது என் கட்சி. இடைவேளையில் டாமும் அவரும் சேர்ந்து குறுக்கெழுத்துப் போடுவார்களாம். டாக்டரும் நாயும் சதுரங்கம் ஆடுகிற காட்சிகளைப் பார்க்கும்போது எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

இன்னொன்று. 'தி பவர் ஆஃப் க்ரோல்' கதை முழுக்கச் சதுப்பு நிலம், நாய் அங்கே நகராது. அதனால் லீசனுக்கு டூகீன் என்ற மனித வேடம் கொடுத்தார்கள். அவர் முகத்தைப் பார்க்க ஆசையென்றால் அங்கே பாருங்கள்.

* * *

கயிறு கட்டி இழுத்த கதையை நான் முழுசாக நம்புகிறேன். எங்கள் குழுவில் ஒருவர் முழு அளவில் ஒரு கே-9 கட்டியிருக்கிறார். விழாவுக்குக் கொண்டுபோகும்போது தூக்குகிற வேலை என் தலையில் விழுந்தது. கல்யாண வீட்டுக் கிரைண்டர் மாதிரிக் கனம். ரிமோட்டில் அழகாகப் போய்க்கொண்டே இருந்தது, கம்பள விளிம்பு தட்டியதும் மூக்கைக் குத்தி நின்றது. பின்னால் போய்க் காலால் மெல்ல ஒரு தள்ளு. நாற்பது சொச்சம் வருஷத்துக்கு முன்னால் பிபிசி ஆட்கள் செய்ததும் இதைத்தான்.

* * *

நான் லண்டன். எங்கள் வீட்டுக்குள் கே-9 வந்தது 2006இல், 'ஸ்கூல் ரீயூனியன்' என்ற பகுதி ஒளிபரப்பான சனிக்கிழமை. மகனுக்கு அப்போது புது டாக்டராக நடித்த டேவிட் டெனன்ட்தான் எல்லாம். பழைய நாயைப் பற்றி ஒன்றும் தெரியாது. டாக்டரின் பழைய தோழி சாரா ஜேன் கார் டிக்கியைத் திறந்து, துருப்பிடித்துக் கிடந்த அதைக் காட்டியதும் என்னைத் திரும்பிப் பார்த்தான். என் முகத்தில் என்ன இருந்ததோ, "அம்மா, இது உங்கட நாயா?" என்று கேட்டான்.

முடிவை நினைவிருக்கிறதா? டாக்டர் விடைபெறும்போது நல்ல நாய் என்கிறார். 'அஃபர்மேட்டிவ்'. அடுத்து வில்லன் வந்து கெட்ட நாய் என்று கத்துகிறான். அதற்கும் 'அஃபர்மேட்டிவ்', உடனே வெடிப்பு. முதலாவதில் அடக்கம். இரண்டாவதில் அப்பட்டமான திமிர். அசையாத ஒரு பெட்டிக்குப் பின்னால் இருந்துகொண்டு ஒரு மனிதர் இவ்வளவையும் செய்கிறார். மகன் அழுதான். கடைசியில் புது நாய் வந்த பிறகும் இது அதே நாயா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். குரல் அதேதானே என்றேன். அதன் பிறகுதான் சாப்பிட வந்தான்.

* * *

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். குரல் மாறினால் என்ன ஆகும் என்பதையும் ஏற்கெனவே பார்த்தாயிற்று. 1979இல் லீசன் விலகியபோது நாய்க்குத் தொண்டை கட்டிவிட்டது என்று ஒரு வேடிக்கையைப் போட்டுச் சமாளித்தார்கள். அப்புறம் டேவிட் பிரையர்லி பேசினார். பொம்மை அதே பொம்மை. ஆனால் எனக்கு வேறு யாரோ நாய்க்குள் புகுந்த மாதிரித்தான் இருந்தது. பிரையர்லி மோசமில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். அடுத்த சீசனிலேயே லீசன் திரும்பிவிட்டார். நேர்மாறாக, 2009-10இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் எடுத்த 'கே-9' என்ற 26 பகுதித் தொடரில் நாயின் உருவத்தையே மாற்றிப் பறக்கக்கூட விட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நம்ம கே-9தான், ஏனென்றால் பேசுவது லீசன்.

பாப் பேக்கருக்கு நாய்ப் பித்து போகவில்லை போலிருக்கிறது. 'வாலஸ் அண்ட் குரோமிட்' என்ற களிமண் பொம்மைப் பட வரிசையில் 'எ க்ளோஸ் ஷேவ்' படத்தில் வரும் இயந்திர வில்லன் நாய் பிரஸ்டனும் அவர் இணைந்து எழுதியதுதான்.

* * *

இதையெல்லாம் படித்துவிட்டுப் புதிதாகப் பார்க்க வருகிறவர்கள் தயவுசெய்து நாயையும் சாரா ஜேனையும் வைத்துத் தனியாக எடுத்த 1981இன் 'கே-9 அண்ட் கம்பெனி'யில் தொடங்காதீர்கள். 'ஸ்கூல் ரீயூனியன்' பார்த்துவிட்டு 'தி இன்விசிபிள் எனிமி'க்குப் போங்கள். 'கம்பெனி'யில் தொடக்கப் பாடலை மட்டும் பார்த்தால் போதும். வாசற்படி ஏற முடியாத நாய் அதில் ஒரு கல்மதில் மேல் கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறது. எப்படி ஏறியது என்று மேலே கிரைண்டர் தூக்கியவரைக் கேளுங்கள்.