ஜான்சன், ஹெரிக் கவிதைகளில் வரும் 'ஆர்ட்': கலை என்று எழுதலாமா?

வைகைக்கரை வாசகி:
எம்.ஏ. ஆங்கிலம் முதல் வருஷம், மதுரை. பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிதைகளான பென் ஜான்சனின் 'ஸ்டில் டு பி நீட்', ராபர்ட் ஹெரிக்கின் 'டிலைட் இன் டிஸ்ஆர்டர்' (ஒழுங்கின்மையில் இன்பம்) இரண்டையும் ஒப்பிட்டு இரண்டு பக்கம் எழுத வேண்டும். கைடில் "இருவரும் செயற்கையைவிட இயற்கை அழகையே போற்றுகிறார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அப்படியானால் ஒப்பிட என்ன இருக்கிறது? இரண்டிலும் 'ஆர்ட்' என்ற சொல் வருகிறது. அதைக் கலை என்றே எழுதிவிடலாமா?

தல்லாகுளத்தான்:
கலை என்று போட்டால் முதல் பத்தியிலேயே தடம் மாறிவிடும்மா. அந்தக் காலத்து ஆங்கிலத்தில் 'ஆர்ட்' என்றால் மனிதக் கை செய்யும் வேலை, செய்நேர்த்தி. இங்கே ஒப்பனை, சிங்காரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஜான்சன் சொல்லும் 'அடல்டரீஸ் ஆஃப் ஆர்ட்' இரட்டைப் பொருள். கற்புநெறி தவறுவதும் அதில் இருக்கிறது, கலப்படமும் இருக்கிறது. "ஒப்பனையின் கலப்படங்கள்" என்று எழுதி, இன்னொரு பொருளை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள்.

வழக்கமாகத் தடுக்கி விழும் சொற்கள் இன்னும் சில. ஜான்சனில் 'சவுண்ட்' ஓசை அல்ல, பழுதில்லாதது. "எல்லாம் இனிமையுமில்லை, எல்லாம் குறையற்றதுமில்லை" என்று சந்தேகப்படுகிறார். ஹெரிக்கில் 'லான்' புல்வெளி இல்லை, தோளில் போடும் மெல்லிய லினன் துணி. 'ஸ்டமக்கர்' வயிறும் இல்லை, மார்பிலிருந்து இடுப்புவரை உடுப்பின் முன்பக்கத்தில் வைக்கும் துண்டு. அதன் குறுக்கே போகும் 'லேஸ்' கட்டும் நாடா. இவற்றைச் சரியாகப் பிடிக்காமல் ஒப்பிட உட்கார்ந்தால் கவிதையே கண்ணுக்குத் தெரியாது.

கைடு சொல்வது ஜான்சனுக்கு ஓரளவு பொருந்தும். ஹெரிக்குக்குப் பொருந்தவே பொருந்தாது. அவருடைய 14 வரிகளில் 'இயற்கை' என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. முகமோ கண்ணோ கூந்தலோ கிடையாது. தோளில் துணி, நாடா, முன்துண்டு, கைப்பட்டி, ரிப்பன், உள்பாவாடை, கடைசியில் செருப்புக் கயிறு. நம்ம கேசாதிபாதம் போல மேலிருந்து கீழே இறங்குகிறார், ஆனால் பெண்ணை விட்டுவிட்டு உடுப்பை மட்டும் பாடிக்கொண்டு! ஜான்சன் 'லேடி' என்று விளித்து ஒரு பெண்ணிடம் நேருக்கு நேர் பேசுகிறார். ஹெரிக் யாரிடமும் பேசவில்லை, பார்த்து ரசிக்கிறார். உங்கள் ஒப்பீட்டை இங்கிருந்தே தொடங்கலாம்.

பொற்றாமரைப் படிக்கட்டு:
தல்லாகுளத்தார் சொன்னதோடு ஒன்று. ஜான்சனின் பாட்டைத் தனிக்கவிதையாக மட்டும் பார்க்காதீர்கள். அது அவர் எழுதிய 'எபிசீன்' என்ற நகைச்சுவை நாடகத்தின் முதல் காட்சியில் ஒரு சிறுவன் பாடும் பாட்டு. கிளரிமாண்ட் என்ற பாத்திரம், வயதை ஒப்பனையால் மறைக்கும் ஒரு சீமாட்டி மேலுள்ள எரிச்சலில் கட்டியது. பாட்டு முடிந்த கையோடு ட்ரூவிட் என்ற நண்பன் மறுக்கிறான்: பெண்கள் நன்றாகச் சிங்காரிக்கட்டும், ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு செய்யட்டும், லண்டன் ஆல்ட்கேட் வாயிலில் சிலைகளுக்கு வண்ணம் பூசி முடியும்வரை துணி போட்டுத்தானே மறைத்திருந்தார்கள் என்கிறான். நாடகத்தின் முடிவில் மணப்பெண்ணே வேடமிட்ட பையன் என்று வெளிப்படுகிறது. நடித்ததும் சிறுவர் குழு, சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து பாய்ஸ் கம்பெனி மாதிரி. ஆகவே "ஜான்சன் கருதுகிறார்" என்று எழுதாமல் "பாட்டின் குரல் கருதுகிறது" என்று எழுதுங்கள். வித்தியாசம் பெரிது.

மதுரைக்காரர்களுக்கு இந்த வழக்கு புதிதில்லை. கூந்தல் மணம் இயற்கையா, பூவாலும் நெய்யாலும் வந்ததா என்று நக்கீரர் இறைவனிடமே வாதாடிய கதை பொற்றாமரைக் குளத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவதுதான். கிளரிமாண்ட் பூச்சை நீக்கி முகத்தைக் காட்டு என்கிறான், நக்கீரரோ பூச்சூடாமல் மணமே இல்லை என்கிறார். ஒன்றைக் கவனியுங்கள்: அந்த வாதத்தைக் கிளப்பியதாகக் கதை சொல்லும் 'கொங்குதேர் வாழ்க்கை' என்ற குறுந்தொகைப் பாட்டில் இந்த வாதம் இல்லை. அங்கே தலைவன் தும்பியிடம், நீ அறிந்த பூக்களில் இவள் கூந்தலைவிட மணமுள்ளதும் உண்டா என்று கேட்பதோடு சரி. வாதம் பின்னால் வந்த கதையில். விடைத்தாளில் இதற்கு இரண்டு வரி போதும்.

வைகைக்கரை வாசகி:
நன்றி சார். ஷேக்ஸ்பியரின் 130ஆம் சானெட்டையும் (14 வரிக் கவிதை) சேர்க்கலாமா? அதுவும் செயற்கைக்கு எதிர்தானே?

பொற்றாமரைப் படிக்கட்டு:
சேர்க்கலாம், ஆனால் அங்கே வழக்கு வேறு. அது பவுடருக்கும் அத்தருக்கும் எதிரில்லை, கவிஞர்களின் உவமைக்கு எதிர். ஸ்பென்சர் என்ற கவிஞர் 1595இல் அச்சான ஒரு சானெட்டில் கண்ணை நீலக்கல், உதட்டை மாணிக்கம், பல்லை முத்து என்று அடுக்கினார். 1609இல் அச்சான 130 இந்த மாதிரி உவமைகளை ஒவ்வொன்றாக மறுத்து, பொய் உவமையால் புகழப்பட்ட எவளுக்கும் இவள் குறைந்தவள் இல்லை என்று முடிகிறது. இரண்டு பக்கக் கட்டுரையில் அதற்கு ஒரு பத்திக்கு மேல் கொடுத்தால் ஹெரிக்குக்கு இடம் இருக்காது.

தல்லாகுளத்தான்:
ஹெரிக்கின் இடத்தைக் குறைக்கவே குறைக்காதீர்கள், ஏனென்றால் அவர் வடிவத்திலேயே வாதம் இருக்கிறது. பென்சில் எடுத்து இயைபுகளைக் குறியுங்கள். 'த்ரோன்' - 'டிஸ்ட்ராக்‌ஷன்', 'தேர்' - 'ஸ்டமக்கர்', 'டை' - 'சிவிலிட்டி': நடுவில் வரும் இந்த ஜோடிகள் சரியாக இயையவில்லை, அவிழ்ந்த நாடா போல. கடைசி ஜோடி 'ஆர்ட்' - 'பார்ட்' மட்டும் கச்சிதம், அதுவும் மிகக் கச்சிதமாக இருப்பதைக் குறை சொல்லும் இடத்தில். ஒழுங்கின்மையை அவர் அளந்து வைத்திருக்கிறார். 'ஸ்வீட் டிஸ்ஆர்டர்' (இனிய ஒழுங்கின்மை), 'வைல்ட் சிவிலிட்டி' (கட்டற்ற நாகரிகம்) என்ற முரண்தொடர்களும் இதையே செய்கின்றன. கடைசி வரியில் வரும் 'ப்ரிசைஸ்' (மிகக் கச்சிதம்) என்ற சொல்லுக்கு அன்று இன்னொரு குத்தல் உண்டு: கடும் ஒழுக்கம் பேசிய பியூரிட்டன் கிறிஸ்தவர்களை அப்படித்தான் குறிப்பார்கள். ஹெரிக் ஆங்கிலிகன் (இங்கிலாந்துத் திருச்சபை) பாதிரியார், 1647இல் பியூரிட்டன் ஆட்சியில் பதவி இழந்தவர். கவிதைத் தொகுப்பு வந்தது 1648இல்.

அதனால் கைடின் வரியை அடித்துவிட்டு இப்படித் தொடங்கிப் பாருங்கள்: "ஜான்சனின் பாட்டு ஒப்பனைக்குப் பின்னால் என்ன ஒளிந்திருக்கிறது என்று சந்தேகிக்கிறது, ஹெரிக்கின் கவிதை, ஒப்பனை தெரியாதபடி செய்யும் ஒப்பனையை விரும்புகிறது." பிறகு ஒவ்வொரு பத்தியிலும் ஒரு சொல்லையாவது கவிதையிலிருந்து எடுத்துக் காட்டுங்கள்.