உலாவியில் எச்சரிக்கை இல்லை, ஆன்ட்ராய்டு செயலி மட்டும் சான்றிதழை ஏற்க மறுக்கிறது

கேள்வி

வணக்கம். நான் பராமரிக்கும் சிறிய விற்பனைத் தளம் உபுண்டு சர்வரில் என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சர்வர் மென்பொருளைக் கொண்டு இயங்குகிறது. சென்ற வாரம் விலைக்கு வாங்கிய புதிய எஸ்எஸ்எல் சான்றிதழை (தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்து, இணைப்பை மறையாக்க உதவும் கோப்பு) நிறுவினேன். கணினியில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் தளம் எச்சரிக்கை ஏதுமின்றித் திறக்கிறது. ஆனால் எங்கள் ஆன்ட்ராய்டு செயலியும், சர்வரிலிருந்து கர்ல் என்ற கட்டளைவரிக் கருவி வழியாக அனுப்பும் கோரிக்கைகளும் சான்றிதழ் நம்பத்தக்கதல்ல என்று கூறி நின்றுவிடுகின்றன. செயலியில் சரிபார்ப்பையே நிறுத்திவிடலாம் என்கிறார் அதை உருவாக்கியவர். வாடிக்கையாளர்கள் பணம் செலுத்தும் தளம் என்பதால் எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. சான்றிதழ் விற்றவர் அனுப்பிய ஜிப் கோப்பில் தளச் சான்றிதழ், 'பண்டில்' என்று பெயரிட்ட இன்னொரு கோப்பு, தனித்திறவி (சான்றிதழுக்கு இணையான ரகசியத் திறவி) ஆகிய மூன்றும் இருந்தன. முதலாவதையும் மூன்றாவதையும் மட்டுமே அமைப்பில் குறிப்பிட்டிருக்கிறேன்.

மறுமொழி 1

நீங்கள் அந்தப் பண்டில் கோப்பை ஒதுக்கி வைத்ததுதான் காரணம். இடைநிலைச் சான்றிதழ் அதில்தான் இருக்கிறது. உங்கள் தளச் சான்றிதழில் கையொப்பமிட்டது ஓர் இடைநிலைச் சான்றிதழ். சாதனங்கள் நேரடியாக நம்புவதோ அதற்கும் மேலே உள்ள மூலச் சான்றிதழை. இவ்விரண்டையும் இணைக்கும் இடைநிலையைச் சர்வரே அனுப்பியாக வேண்டும். கணினியில் உள்ள குரோம் அதைத் தானே தேடி எடுத்துக்கொள்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் அறியப்பட்ட இடைநிலைகளை முன்கூட்டியே இறக்கி வைத்திருக்கிறது. ஆன்ட்ராய்டு செயலிகளும் கர்லும் பொதுவாக அப்படிச் செய்வதில்லை. ஆகவே உலாவியில் எச்சரிக்கை வராததை மட்டும் வைத்து அமைப்பு சரியாக இருக்கிறது என்று முடிவு கட்ட வேண்டாம்.

சான்றிதழ்களைச் சோதிக்க உதவும் ஓப்பன்எஸ்எஸ்எல் கருவியின் 'எஸ்_கிளையன்ட்' கட்டளையில் உங்கள் தள முகவரியையும் 443 என்ற போர்ட்டையும் கொடுத்துப் பாருங்கள். இடைநிலை விடுபட்டிருந்தால், முதல் சான்றிதழைச் சரிபார்க்க இயலவில்லை என்ற பொருளில் 21 என்ற எண் கடைசியில் வரும். தளச் சான்றிதழிலிருந்து மூலச் சான்றிதழ் வரையிலான சங்கிலி முழுமையாக இருந்தால் 0 வரும்.

அப்பாச்சி என்ற இன்னொரு வலைச் சர்வரின் பழைய பதிப்புகளில் இருந்ததைப் போல என்ஜின்எக்ஸில் சங்கிலிக்கென்று தனி வரி கிடையாது. தளச் சான்றிதழை முதலிலும் இடைநிலையை (பண்டில் கோப்பை) அதன் கீழும் வைத்து ஒரே கோப்பாக்கி, அதையே 'எஸ்எஸ்எல்_செர்டிஃபிகேட்' வரியில் குறிப்பிடுங்கள். வரிசை மாறினால், முதலில் உள்ள சான்றிதழோடு தனித்திறவி பொருந்தவில்லை என்று என்ஜின்எக்ஸ் தொடங்கவே மறுக்கும். மூலச் சான்றிதழைச் சேர்க்கத் தேவையில்லை.

செயலியில் சரிபார்ப்பை நிறுத்துவதற்கு மட்டும் தயவுசெய்து உடன்படாதீர்கள். அதன்பின் பொது வைஃபையில் நடுவே அமர்ந்திருக்கும் எவரும் தாம் உருவாக்கிய ஒரு சான்றிதழைக் காட்டி, உங்கள் வாடிக்கையாளரின் கடவுச்சொல்லை வாங்கிக்கொள்ள முடியும்.

மறுமொழி 2

மேலே சொன்ன தீர்வு சரியானது. எனக்கு அதைவிடக் கவலை தருவது, தனித்திறவியே ஜிப் கோப்பில் வந்தது என்பது. அது உங்கள் சர்வரில் உருவாகி, அங்கிருந்து வெளியேறாமல் இருக்க வேண்டிய ஒன்று. வெளியே போக வேண்டியது சான்றிதழ்க் கோரிக்கையான சிஎஸ்ஆர் மட்டுமே. புதிய திறவியை நீங்களே உருவாக்கி, புதிய சிஎஸ்ஆர் கொடுத்து, சான்றிதழை மறுவெளியீடு செய்யச் சொல்லுங்கள். பலர் இதற்குத் தனிக் கட்டணம் கேட்பதில்லை. திறவிக் கோப்பின் அனுமதியை 600 (உரிமையாளர் மட்டுமே படிக்கவும் எழுதவும் முடியும்) என்று வையுங்கள்.

புதுப்பித்தலையும் இப்போதே யோசித்துவிடுங்கள். பொதுச் சான்றிதழ்களின் உச்ச ஆயுளை 2026 மார்ச் 15 முதல் 200 நாளாகவும், 2027 மார்ச் 15 முதல் 100 நாளாகவும், 2029 மார்ச் 15 முதல் 47 நாளாகவும் குறைக்க, சான்றிதழ் வழங்குநர்களும் உலாவி நிறுவனங்களும் சேர்ந்த சிஏ பிரவுசர் ஃபோரம் 2025 ஏப்ரலில் முடிவெடுத்தது. கையால் மாற்றுவது இனி நடைமுறைக்கு ஒத்துவராது. இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட், அதைத் தானாகப் பெற்றுப் புதுப்பிக்கும் செர்ட்பாட் கருவி ஆகியவற்றின் வழிக்கு மாறினால் 'ஃபுல்செயின்' கோப்பிலேயே இடைநிலையும் சேர்ந்து வரும். ஆனால் புதுப்பித்தபின் என்ஜின்எக்ஸை ரீலோட் செய்யும் கட்டளையையும் இணைக்க வேண்டும். இல்லையேல் வட்டில் புதிய கோப்பு இருந்தும், நினைவகத்தில் உள்ள பழைய சான்றிதழையே அது வழங்கிக்கொண்டிருக்கும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. சோதித்தபோது 21 என்றே வந்தது. இரு கோப்புகளையும் இணைத்த பிறகும் என்ஜின்எக்ஸ் பிழை காட்டியது. திறந்து பார்த்தால், முதல் கோப்பின் முடிவில் வரி முறியாததால் அதன் கடைசி வரியும் அடுத்ததன் தொடக்க வரியும் பத்துக் கோடுகளோடு ஒட்டிக்கொண்டிருந்தன. நடுவே ஒரு முறை என்டர் தட்டியதும் 0 வந்தது, செயலியும் இயங்குகிறது. புதிய திறவியைச் சர்வரிலேயே உருவாக்கி, மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்துவிட்டேன்.